கடல் பக்கம்

கிருஷ்ணகிரியில் கடல் கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டுக்குக் கடல் பக்கம் என்று ஒரு பக்கம் இருந்தது. கடல் பக்கத்து ஜன்னல், கடல் பக்கத்துப் புளியமரம், கடல் பக்கமாகத் தலைவைத்துப் படுப்பது. அண்ணி அந்த வீட்டுக்கு வந்த சில வருஷங்களில் எங்களையறியாமலே எங்கள் எல்லோருக்கும் கிழக்கு என்ற சொல் மறந்துபோயிருந்தது.

அண்ணிக்கு வலது இடது தெரியாது என்று அம்மா சொல்வார். தெரியாமல் இல்லை, அவற்றின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. "வலது பக்கம்னு சொல்றீங்க. நான் திரும்பிக்கினா அது மாறிப்போவுது. கடல் மாறுமா தம்பி?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். தோசைத் திருப்பியைத் தேடினால்கூட "அடுப்புக்குக் கடல் பக்கம் இருக்கு பாருங்க" என்பார். விடுமுறைக்கு வந்திருந்த ஒரு சமயம் வேடிக்கையாக அவர் கண்ணைத் துண்டால் கட்டி, முற்றத்தில் நிறுத்திச் சுற்றிவிட்டேன். தலை கிறுகிறுத்து விழப் பார்த்தார். விழுவதற்கு முன் கையை நீட்டிவிட்டார். புளியமரத்துக்கு நேராக.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. அண்ணியைப் பற்றி அன்போடு எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இன்று உயிரோடு இல்லை. எழுதினால் நான்தான் எழுத வேண்டும்.

அண்ணியின் ஊர் மகாபலிபுரம். அண்ணன் செங்கல்பட்டுப் பக்கம் ரோடு ஓவர்சியராக இருந்தபோது ஏற்பட்ட சம்பந்தம். அண்ணியின் அப்பா, அந்த ஊரைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து காட்டுகிறவர். நடு வயதிலேயே அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. அதன் பிறகு மகள் தடியின் ஒரு முனையைப் பிடித்து முன்னால் நடக்க, அப்பா மறு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் பேசியபடி வருவாராம். "வாய் அவருது, கால் என்னுது" என்று அண்ணி சொல்வார்.

அந்த மனிதர் தன் ஊரை மூன்று வழிகளாகப் பிரித்து வைத்திருந்தார். காலை வழி, வெயில் வழி, சாயங்கால வழி. காலை வழி பெரிய பாறைச் சிற்பத்தில் தொடங்கும்; அது கிழக்கே பார்த்து இருப்பதால் இளவெயில் விழும்போதுதான் அதில் செதுக்கியிருக்கும் யானைகளுக்கு உயிர் வரும். அங்கிருந்து பெருமாள் கோயிலைச் சுற்றிக்கொண்டு நேரே கடற்கரைக் கோயிலுக்கு. மணல் சுடத் தொடங்கியதும் வெயில் வழி. குன்றின் மேலேறி, குகைக்குக் குகை நிழலிலேயே நடந்து, கலங்கரை விளக்கத்தடியில் போய் நிற்பது. பொழுது சாயும்போது ரதங்கள். ரதங்களிலிருந்து திரும்பும்போது மணல் பாதையில் வரக் கூடாது. குன்றை ஒட்டிப் போனால் பிளந்து கிடக்கும் ஒரு பாறை வரும். அதன் இடுக்கில் நுழைந்தால் எந்தக் காலத்திலும் காற்று வீசும். வந்தவர்களை அங்கே ஒரு நிமிஷம் பேசாமல் நிறுத்திவைப்பாராம். அதுதான் அவர் கடைசியாகக் காட்டுகிற சிற்பம்.

இந்தப் பேச்சு அண்ணியின் நாக்கில் அப்படியே தங்கியிருந்தது. மாம்பழம் பேசி முடிக்கப் பெங்களூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவரிடம், நாங்கள் பழம் பழுக்கவைக்கும் அறையைத் திறந்து காட்டியபோது, "தலையைக் குனிஞ்சு வாங்க. இது ஒரே வாசல் மண்டபம். உள்ளே இருக்கிற சாமிக்கெல்லாம் வைக்கோல்தான் மெத்தை. தொடலாம், அமுக்கக் கூடாது" என்றார். அந்த ஆள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவும் சிரித்தார். அம்மாவுக்கு அண்ணியைப் பிடிக்கும். இதையும் நான் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பிறகு நடந்தது எதுவும் பிடிக்காததால் நடக்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை பிறந்த ஊருக்கு அழைத்துப்போகிறேன் என்று அண்ணன் கல்யாணத்தின்போது வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு ஓவர்சியர் வேலையை விட்டுத் தோப்பைப் பார்க்க ஊருக்கே வந்துவிட்டார். "மாங்கா முடியட்டும்" என்பார். மாங்காய் முடிந்தால் ராகி, ராகி முடிந்தால் புளி, புளி உலுக்கி முடிப்பதற்குள் மறுபடி மாம்பூ. அண்ணியின் அப்பா இறந்த சேதி வந்து சேர்ந்தபோது அங்கே காரியமே முடிந்திருந்தது. "இனிமே போய் என்னா பண்ணப்போறே?" என்றார் அண்ணன்.

அண்ணி அழவில்லை. அதற்கப்புறம் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்கவும் இல்லை. கிருஷ்ணகிரியிலேயே நடக்கத் தொடங்கினார்.

எங்கள் தெருவுக்குக் கிழக்கே இருந்த ஏரிதான் கடல். ஏரிக்கரை மேட்டில் பூசை நின்றுபோன சிறு கோயில் கடற்கரைக் கோயில். கோட்டை இருக்கிற பெரிய மலை, விளக்குக் குன்று. மலையடிவாரத்தில் இப்போது உருளுமோ அப்போது உருளுமோ என்று நிற்கும் பாறை, அவர் ஊரில் சரிவில் நிற்கும் வெண்ணெய் உருண்டை. சந்தைத் திடலில் வரிசையாக இருந்த கல் கொட்டகைகள் ரதங்கள். காலையில் ஏரிக்கரை, வெயிலில் மலையடி, சாயங்காலம் சந்தை. அந்தந்த நேரத்துக்கு அந்தந்த வழி. எங்கள் வீடு எங்கே வருகிறது என்று கேட்டேன். "இது ஓடத்துறை தம்பி. எங்க ஊருக்குக் கால்வாயைத் தாண்டி வர்றவங்க எறங்குற எடம். போறவங்க ஓடத்துக்குக் காத்துக்கினு குந்துற எடம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பெண்பிள்ளை வேலையில்லாமல் வீதியில் நடந்தால் ஊர் பேசும். அதனால் இடுப்பில் ஒரு கூடை எடுத்துக்கொள்வார். கூடை காலியாகப் போய்க் காலியாகத் திரும்பும். கூடை இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. சந்தையில் பாய் வியாபாரம் செய்த ராவுத்தர் ஒருவர் மட்டும், "என்னாம்மா, இன்னிக்கு ரதமெல்லாம் நல்லா இருக்குதா?" என்று கேட்பார். "ஒண்ணு மட்டும் கொஞ்சம் சாய்ஞ்சிருக்குங்க" என்று அண்ணி அவருடைய கொட்டகையைக் காட்டுவார்.

நான் அப்போது சென்னையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் அண்ணியோடு நடப்பேன். அவர் தன் ஊரை இந்த ஊரின் மேல் விரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் முழுதாகப் புரிந்திருக்கவில்லை. எனக்குப் புரிந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "பரீட்சை முடியட்டும் அண்ணி, நானே உங்களைக் கூட்டிக்கினு போறேன்" என்றேன். அண்ணன் மாங்காயைச் சொன்னார், நான் பரீட்சையைச் சொன்னேன்.

பரீட்சை முடிந்தது. எனக்குப் பெண் பார்த்தார்கள். ஓசூர்ப் பக்கத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், சந்தையில் கன்னடம். பெண்ணின் அப்பாவும் அவருடைய அக்காவும் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் முதலில் சாப்பிட மாட்டார்கள். பார்ப்பார்கள், பேசுவார்கள். பிடித்திருந்தால்தான் இலையில் உட்காருவார்கள். அதைக் கை நனைப்பது என்பார்கள். கை நனைத்துவிட்டால் முடிந்தது. நனைக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அடுத்த பெண் கிடைப்பது கஷ்டம்.

அண்ணி விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்தார். வடை, பாயசம், கத்திரிக்காய்க் குழம்பு, எல்லாம் அவர் கைதான். சமையல் முடிந்ததும் அம்மா அவரைக் கூப்பிட்டு, "தப்பா நெனைக்காதம்மா. கொழந்தை இல்லாதவ வாசல்ல நிக்கக் கூடாதும்பாங்க. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடேன்" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி கூடையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்.

அவர்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பா நல்ல ஆகிருதி, வெள்ளைத் தலைப்பாகை. கூடத்தில் ஒரு பக்கம் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"வாங்கண்ணா, அங்க வெயில் படும். இப்படிக் கடல் பக்கமா குந்துங்க" என்றார் அம்மா.

அவர் உட்காரப் போனவர் நின்றார். "எந்தப் பக்கம்?"

"கடல் பக்கம்." அம்மா ஜன்னலைக் காட்டினார். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதும் அம்மாவுக்குத் தெரியவில்லை.

"ஏமி? சமுத்திரமா?" பெண்ணின் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த ஊருக்கு எப்பம்மா வந்தது? எங்களுக்குச் சொல்லவே இல்லியே!"

என் அப்பா செருமினார். அம்மாவின் முகம் வெளுத்தது. அந்த அம்மாள் விடவில்லை. "ஆமா, பெரிய மருமக எங்க? கண்ணுலயே காணோம்?"

பதற்றத்தில் அம்மாவுக்கு வீட்டுப் பேச்சுத்தான் வாயில் வந்தது. "அவ ரதத்துக்குப் போயிருக்கா."

"ரதமா? இன்னிக்கு ஏது தேர்?"

பெண்ணின் அப்பா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். தண்ணீர்ச் செம்பு அவர் முன்னால் இருந்தது. அதன்மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் அது தெரிந்தது.

"தம்பி, நீங்க படிச்சவரு. இது இன்னா பேச்சு? எனக்கு ஒண்ணும் புரியலியே" என்றார்.

சொல்வதற்கு என்ன இருந்தது? அண்ணியின் ஊர் கடலோரம், அங்கே கிழக்கைக் கடல் பக்கம் என்பார்கள், அது எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். ஒரு சிறு குழந்தை சொல்லியிருக்கும். அவர்களும் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. இந்த வீடு முழுவதும் பைத்தியம் என்று இவர்கள் நினைக்கிறார்கள். ஒருவரைக் காட்டிக்கொடுத்தால் மற்றவர்கள் தப்பிவிடலாம்.

"எங்க அண்ணிக்குச் சித்தம் கொஞ்சம் சரியில்லைங்க. அவங்க பேசறதைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கும் அந்த வார்த்தை வந்துடுது" என்றேன். அது போதாது என்று தோன்றியது. "அவங்க வேற குடும்பத்துல இருந்து வந்தவங்க. எங்க ரத்தத்துல அதெல்லாம் கெடையாதுங்க."

"அதானே பார்த்தேன்" என்றார் அவர். முகம் தெளிந்துவிட்டது. அவருடைய அக்கா "பாவம்" என்று உதட்டைப் பிதுக்கினார். இலை போட்டார்கள். கை நனைத்தார்கள்.

இரண்டாவது முறை குழம்பு எடுக்க அம்மா சமையலறைக்குப் போனபோது நானும் தண்ணீர் எடுக்கப் போனேன். பின்வாசலருகே அண்ணி நின்றுகொண்டிருந்தார். காலி கூடை இன்னும் இடுப்பில் இருந்தது. எப்போது திரும்பினார் என்று தெரியாது. நான் சொன்னதைக் கேட்டிருந்தார் என்பது மட்டும் தெரிந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, கிண்ணத்தில் குழம்பை ஊற்றி அம்மா கையில் கொடுத்தார். கூடத்திலிருந்து பெண்ணின் அத்தை, "கொழம்பு பிரமாதம்! நீங்களே வச்சீங்களா?" என்று கேட்பதும், "ஆமாங்க, நான்தான்" என்று அம்மா சொல்வதும் எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தன.

அன்று சாயங்காலம் மண்டியிலிருந்து வந்த அண்ணன் நடந்ததைக் கேட்டுவிட்டு என்னிடம், "நீ சொல்லிட்டு மெட்ராஸுக்குப் போயிடுவே. இனிமே நாங்க அதை நடத்திக் காட்டணும்" என்றார்.

நடத்திக் காட்டினார்கள். சித்தம் சரியில்லாத ஒரு பெண் கூடையோடு ஊரைச் சுற்றி நடக்க முடியாது. "வெளிய விடறீங்களா? ஏதாச்சும் கெணறு குளத்துல விழுந்து வைச்சா கல்யாண வீட்டுக்கு ஆகுமா?" என்று பெண்ணின் அத்தை அடுத்த முறை வந்தபோது கேட்டார். ஒருவரைக் கூட்டிவந்து மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பழம் பழுக்கவைக்கும் அறையை ஒழித்து, வெளியே ஒரு தாழ்ப்பாள் அடித்தார்கள். முதலில் கல்யாணம் வரைக்கும் என்று சொன்னார்கள். என் கல்யாணத்து மேளச் சத்தத்தை அண்ணி அந்த அறைக்குள்ளிருந்து கேட்டார். பிறகு யாரும் எதுவரைக்கும் என்று சொல்லவில்லை. அம்மா வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோனார். முதல் சில நாள் அழுதுகொண்டே கொண்டுபோனார். பாய் விற்கும் ராவுத்தர் ஒருமுறை வாசலுக்கு வந்து, "அந்தம்மாவுக்கு ஒண்ணும் இல்லீங்களே, என்னாத்துக்கு அடைச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டதாகவும், அப்பா அவரை உள்ளே கூப்பிடாமலே அனுப்பிவிட்டதாகவும் பிறகு அறிந்தேன். வெளி ஆள் ஒருவருக்கு இருந்த வாய் எனக்கு இல்லை.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அது மலைப் பக்கம். கடல் பக்கம் சுவர்.

கல்யாணமாகிச் சென்னைக்குக் கிளம்பும் முன் சொல்லிக்கொள்ளப் போனேன். அண்ணி வைக்கோல் வாடை அடிக்கும் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அன்னிக்கு நான் எங்க போயிருந்தேன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் அண்ணி."

"யாரு போகச் சொன்னதுன்னும் தெரியும்?"

"தெரியும்."

"சரி" என்றார். திட்டவில்லை. "எங்க ஊருக்கு ஒரு தரம் போங்க. நான் சொன்ன மூணு வழியிலயும் நடந்து பாருங்க. யாரையும் வழி கேக்கக் கூடாது. நான் சொன்னதை மட்டும் வச்சு நடக்கணும். செய்வீங்களா?" என்றார். ஊர் ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன். செய்கிறேன் என்றேன்.

அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றினேன். சென்னையில் ஆபீஸ் உத்தியோகம் கிடைத்த பிறகு, மனைவியோடு மகாபலிபுரம் போனேன். கால்வாயைக் கடந்து ஊருக்குள் வந்ததும் நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கடல் எந்தப் பக்கம் என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். இளவெயிலில் பாறை யானைகளைப் பார்த்தேன். அவற்றுக்கு உயிர் இருந்தது. பெருமாள் கோயிலைச் சுற்றிக்கொண்டு நடந்தால் கடற்கரைக் கோயில் நேரே வந்து நின்றது. வெயிலில் குன்றின் மேல் குகைக்குக் குகை போனோம். இடையில் வெயில்பட்ட தூரம் மிகவும் கொஞ்சம். பொழுது சாயும்போது ரதங்கள். திரும்பும்போது எல்லோரும் மணல் பாதையில் நடந்தார்கள். நான் மனைவியைக் குன்றோரமாகக் கூட்டிப்போனேன். பிளந்த பாறை இருந்தது. இடுக்கில் நுழைந்தோம். காற்று வந்து முகத்தில் அடித்தது.

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி நடக்கறீங்களே. முன்னாடியே வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"காலேஜ்ல படிக்கறப்ப வந்திருக்கேன்" என்றேன். அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

அடுத்த மாம்பழக் காலத்தில் ஊருக்குப் போனேன். தோப்புக்கு ஒட்டுக்கன்று வாங்க என் மாமனாரும் அன்று வந்திருந்தார். கூடத்தில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். நான் போய் அறைத் தாழ்ப்பாளைத் திறந்தேன். அண்ணி மெலிந்திருந்தார். முடி சீவி முடித்திருந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடல் பக்கத்துச் சுவர்.

"போனேன் அண்ணி."

அவர் நிமிர்ந்தார். "மூணு வழியும்?"

"மூணும்."

"எங்கயாச்சும் வழி கேட்டீங்களா?"

"இல்ல அண்ணி."

"எங்கயாச்சும் முட்டிக்கினு நின்னு திரும்பி வந்தீங்களா?"

"எங்கயும் இல்ல. நீங்க சொன்னது சொன்ன எடத்துல இருந்தது."

"பொளந்த பாறையில?"

"காத்து வந்தது."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். திறந்தபோது கண் உலர்ந்திருந்தது. குரல் எனக்குப் பழக்கமான பழைய குரலாக இருந்தது.

"அப்போ எனக்குச் சித்தம் சரியாத்தான் இருக்குது தம்பி. கெட்டுப்போனவ சொன்ன வழியில போயிருந்தா நீங்க கால்வாயிலதான் விழுந்திருக்கணும்." கூடத்துப் பக்கம் பார்த்தார். "உங்க மாமனார் பேசறது கேக்குது. போய்ச் சொல்லுங்க. சொன்ன வாயாலயே சொல்லிடுங்க."

ஊர் ஏக்கத்தால் அவர் என்னை அங்கே அனுப்பவில்லை. தனக்காகச் சாட்சி சொல்ல என்னைத் தயார் செய்திருக்கிறார். அது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"சொல்றேன் அண்ணி" என்று எழுந்தேன்.

கூடத்துக்கு வந்தேன். மாமனார், "வாங்க மாப்பிள்ளை" என்றார். அம்மா எனக்குப் பலகை எடுத்துப் போட்டார். அந்த நாளுக்குப் பிறகு அம்மா ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துத்தான் பேசுவார். "கெழக்கால குந்துப்பா" என்றார். உட்கார்ந்தேன். ஜன்னல் எனக்கு முதுகுப்பக்கம் இருந்தது.

"உள்ள போய்ப் பார்த்தீங்களா? எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் மாமனார். கேட்ட முறையில் வெறும் மரியாதைதான் இருந்தது. என்ன சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பார்.

"அப்படியேதாங்க இருக்காங்க" என்றேன்.

வரும்போது அறைக் கதவைச் சாத்த மறந்திருந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து அது எனக்குத் தெரிந்தது. தாழ்ப்பாள் திறந்து, கதவு பாதி விலகி, ஒருவர் வெளியே நடந்து வரும் அளவுக்கு இடம் இருந்தது. அண்ணி வாசல்வரை வந்தார். என்னைப் பார்த்தார். பிறகு கதவைத் தானே உள்ளே இழுத்துச் சாத்திக்கொண்டார்.